பலகையில் இல்லாத ஸ்பானர்

அத்தியாயம் பதினான்கு

லொவிப் பழ மரங்கள் இந்த வருடம் கைவிட்டுவிட்டன. பூ பிடிக்கிற நேரத்தில் விடாமல் அடித்த மழை எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. சுதர்சினியின் வைன் பெக்டரியில் லொவி வைன் ஒரே ஒரு தாங்கி அளவோடு நின்றுபோனதும், அந்த ஒரு தாங்கிக்காகக் கண்டி ஹோட்டல்காரர்கள் மாறி மாறிப் போன் எடுத்ததும் நாம் பார்த்ததுதான். கடைசியாக, அவள் தக்கை வாங்க டவுனுக்குப் போயிருந்த பின்னேரத்தில், கணவன் ரமேஸ் போனில் யாருக்கோ, "பயப்படாதீங்க, இருபது பெட்டியும் தர்றோம்" என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

தாங்கியில் இருந்தது பதினைந்து பெட்டிக்குத்தான் வரும். அது ரமேசுக்கும் தெரியும். ஆனால் 'இல்லை' என்ற சொல் அவன் வாயில் வராது. சந்தையில் மரக்கறி ஏற்றி விற்ற காலத்திலும் வந்ததில்லை. பெண் கேட்டுப் போனபோது வீடு இருக்கிறதா என்று பெண் வீட்டார் விசாரித்ததற்கும் 'இருக்கு' என்று சொன்ன மனிதன் அவன். வீட்டை அதற்குப் பிறகுதான் கட்டினான்.

மறுநாள் காலை.

சுதர்சினி பெக்டரிக்குள் நுழைந்தால் தாங்கியைப் பார்க்க மாட்டாள், போத்தலைப் பார்க்க மாட்டாள். முதலில் பலகையைத்தான் பார்ப்பாள். வைன் செய்கிற இடத்தில் அப்படி ஒரு பலகையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சுவர் நீளத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஸ்பானர், குறடு, சுத்தியல் என்று ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் வெள்ளையில் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே அந்தச் சாமானைத் தொங்கவிட்டிருப்பாள். எடுத்தால் அடியில் வெள்ளை தெரியும். எடுக்கிறவர் தன் இலக்கம் வெட்டிய அலுமினிய வில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். திருப்பி வைத்ததும் வில்லையைக் கழற்றிக்கொள்ள வேண்டும். சுதர்சினி ஒன்று, ரமேஸ் இரண்டு, மகள் சிந்துஜா மூன்று. போத்தல் கழுவுகிற பாலம்மாவுக்கு நான்கு. பாலம்மா ஸ்பானரைத் தொட்டதே இல்லை. ஆனாலும் தொலைந்தால் வீண் பேச்சு வரும் என்று தன் வில்லையைக் கழுத்துக் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாள்.

இது வைன்காரர்களின் பழக்கம் இல்லை. விமானம் பழுதுபார்க்கிறவர்களின் பழக்கம். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கண்டியில் படித்து, கட்டுநாயக்கவில் விமான மெக்கானிக்காகி, பிறகு ஷார்ஜாவில் பதினொரு வருடம் விமானக் கொட்டகையில் நின்றவள் சுதர்சினி. அங்கே பலகையில் ஒரு சாமான் குறைந்தால் விமானம் நகராது. பயணிகள் ஏறி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாலும் சரிதான். ஒருமுறை ஒரு கைவிளக்கைக் காணோம் என்று நிரம்பிய விமானத்தை அவள் மறித்து நிறுத்தியபோது எல்லோரும் சிரித்தார்கள். விளக்கு இறக்கைக்குள், இறக்கை மடலை அசைக்கிற கம்பிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்கு வந்து பல்லேகலயில் தகரக் கூரை போட்ட இந்தக் கட்டடத்தில் பழ வைன் போடத் தொடங்கியபோது விமானத்தை விட்டாளே தவிர பலகையை விடவில்லை. குட்டிச் செர்ரிப் பழம் மாதிரிச் சிவந்து, கடித்தால் பல் கூசுகிற லொவியை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்னத்தான் ஊருக்குத் தெரியும். அதில் இப்படி ஒரு வைன் இறங்கும் என்று காட்டியவள் அவள். லேபிளில் ஒரு சின்ன விமானப் படம் இருக்கும். அதன் கீழே ஒரு வெற்று வட்டம். சுதர்சினி ருசி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த வட்டத்துக்குள் அவளுடைய 'ஒன்று' முத்திரை விழும்.

அன்று காலை பலகையில் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரின் இடம் வெள்ளையாகக் கிடந்தது. ஆணியில் ஒரு வில்லை தொங்கியது. இரண்டு.

பதின்மூன்று, தாங்கி மூடியின் நட்டுகளைத் திறக்கிற ஸ்பானர். அந்தக் கட்டடத்தில் அதற்கு வேறு வேலை கிடையாது. மூடியை ஒருவர் தனியே திறக்கக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்.

"என்னங்க, பதிமூனு ஸ்பானர எடுத்தீங்களா?"

வேனிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த ரமேஸ் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"ஆமா, நேத்து எடுத்தேன். வேன் கண்ணாடி ஆடிக்கிட்டு இருந்திச்சு. திருப்பி மாட்டிட்டேனே."

"மாட்டினா வில்ல ஏன் தொங்குது?"

ரமேஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தான். பலகையைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைச் சுதர்சினி கண்ணால் கண்டாள்.

"வில்லைய கழட்ட மறந்திருப்பேன்."

"வில்லைய மறந்தீங்க, சரி. ஸ்பானர் எங்க?"

"இங்கதான் எங்கயாச்சும் கெடக்கும். ஒரு ஸ்பானருக்கு ஏன் இந்தப் பாடு? பின்னேரம் ஹோட்டல்ல இருந்து இளங்கோ வர்றாரு. அதுக்குள்ள போத்தல்ல அடைக்க ஆரம்பிப்போம் சுதா."

"ஸ்பானர் வராம ஒரு போத்தலும் அடைக்க மாட்டேன்."

"இது பிளேன் இல்ல!"

"எனக்கு எல்லாம் ஒன்னுதான்."

இந்தச் சண்டை இந்த வீட்டுக்குப் புதிது இல்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது ரமேஸ் 'இது பிளேன் இல்ல' என்பான். அவளும் இதே பதிலைச் சொல்வாள். பிறகு இருவரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் இன்று அவன் சிரிக்கிற ஆளாகத் தெரியவில்லை. அவசர அவசரமாக வேனுக்குப் போய் சீட்டுக்கு அடியிலெல்லாம் கையை விட்டுத் துழாவினான். பலகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவனுக்கே ஏதோ புரியவில்லை போலிருந்தது.

பாலம்மா கழுவுகிற தொட்டியைக் காலியாக்கிப் பார்த்தாள். "இங்கன இல்ல தங்கச்சி. கரண்டியா இருந்தா நான் எடுத்திருப்பேன்னு சொல்லலாம். ஸ்பானர வச்சி நான் என்னத்த கிண்டப் போறேன்?"

"ஒங்கள சொல்லல பாலம்மாக்கா. சிந்து, ஒன் மேசப் பக்கம் பாத்தியா?"

"பாத்துட்டேன்மா. இல்ல."

சிந்துஜா லேபிள் மேசையை விட்டு எழும்பாமலே அதைச் சொன்னாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கெம்பஸ் முடிவுக்காகக் காத்திருக்கிற பெண். எதைக் காணவில்லை என்றாலும் முதலில் குனிந்து தேடுகிறவள் அவள்தான். இன்று இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சுதர்சினி அதைக் கவனித்தாள். பரீட்சை முடிவுக் கவலை என்று நினைத்துக்கொண்டாள்.

தேடத் தேட அவளுக்குள் ஒரு சந்தேகம் ஊறியது. ஸ்பானர் எங்கே என்பதை விட, அது எதைத் திறந்தது என்பதுதான் இப்போது முக்கியமாகப் பட்டது. அவள் லொவித் தாங்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

தாங்கியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே வைன் எவ்வளவு நிற்கிறது என்று அதில் தெரியும். நேற்றுக் காலை அந்த மட்டத்தில் அவள் சோக்கால் ஒரு கோடு இழுத்திருந்தாள். வைன் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றது. மயிரிழை அளவு இல்லை, நன்றாகத் தெரிகிற மாதிரி மேலே நின்றது.

மாதக்கணக்காகக் குறைந்துகொண்டே வந்த வைன் ஒரே நாளில் கூடியிருக்கிறது.

குழாயைத் திறந்து ஒரு கிளாசில் கொஞ்சம் பிடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு ஒரு படி வெளுத்திருந்தது. வாயில் விட்டாள். முதலில் லொவியின் சுருக்கென்ற புளிப்பு வந்தது. அது தொண்டையில் இறங்குகிற நேரத்தில், வர வேண்டிய துவர்ப்பு வராமல், வழவழவென்று ஒரு இனிப்பு வந்தது.

அன்னாசி.

மூலையில் அன்னாசி வைன் பீப்பாய் இருந்தது. யாரும் கேட்டு வாங்காத சரக்கு. போன வருடம் ரமேஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு லொறி அன்னாசியை இறக்கியதன் பலன். அவள் பீப்பாயின் மேல்பக்கத்தில் விரலை மடக்கித் தட்டினாள். நிறைந்திருக்க வேண்டிய இடம் பொள்ளென்று சத்தம் போட்டது.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. தன் வீட்டு ஆள், தன் கையால் வளர்த்த வைனில் இப்படிச் செய்திருக்கிறான் என்று நினைக்க நினைக்க முகம் சுட்டது. அடுத்தபடி சிரிப்புப் போல ஒன்று வந்தது. ஒளித்துக் காரியம் செய்யப் போகிறவன் எவனாவது வாசலில் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போவானா? ரமேஸ் போவான். சாமானை எடுத்தால் வில்லையை மாட்டு, வில்லையை மாட்டு என்று இத்தனை வருடம் அவள் கத்திக் கத்திப் பழக்கியதில், கள்ளத்தனம் செய்யப் போனபோதும் அவன் கை தன்பாட்டுக்கு வில்லையை மாட்டிவிட்டிருக்கிறது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று அவள் வாயைத் திறக்கிற நேரம் வெளியே ஹோர்ன் அடித்தது.

ஹோட்டல் வாகனம். பின்னேரம் வர வேண்டிய இளங்கோ முன்னேரமே வந்துவிட்டான்.

"வணக்கம் அக்கா. நேரத்தோட வந்திட்டன், கோவிக்காதேங்கோ." யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்டி ஏரிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சாப்பாடும் குடிவகையும் அவன் பொறுப்பு. "சனிக்கிழமை பெரிய விருந்து. மெனுவில உங்கட லொவியின்ர பேரையும் அச்சடிச்சாச்சு. மனேஜர் காலமையில இருந்து என்னை அரிச்செடுக்கிறார்."

"அதெல்லாம் ரெடிங்க தம்பி" என்று முந்திக்கொண்டான் ரமேஸ். சுதர்சினி கையிலிருந்த கிளாசை அவள் தடுப்பதற்குள் வாங்கி, குழாயில் இன்னும் கொஞ்சம் பிடித்து, இளங்கோவிடம் நீட்டிவிட்டான்.

இளங்கோ மோந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். சிந்துஜா லேபிள் மேசையில் அசையாமல் இருந்தாள்.

"ஓம். இதுதான். போன முறை தந்த அதே ருசி. எங்கட ஆக்களுக்கு இப்ப இதுதான் வேணும். சரியான பதத்துக்குக் கொண்டு வந்திட்டீங்கள் அக்கா."

ரமேஸின் முகம் மலர்ந்தது. 'பார்த்தாயா' என்கிற மாதிரி ஒரு பார்வை சுதர்சினி பக்கம் பறந்து வந்தது. அவள் முகத்தைக் கண்டதும் அந்தப் பார்வை அப்படியே மாறிப்போனது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. முத்திரைக் கட்டையை எடுத்து அவள் பக்கமாக மேசையில் மெல்ல நகர்த்தினான். கண்ணால் கெஞ்சினான்.

ஒரு குத்துத்தான். குத்தினால் இருபது பெட்டியும் போய்விடும். வந்தவனுக்குச் சந்தோஷம், மனேஜருக்குச் சந்தோஷம், விருந்துக்கு வருகிறவர்களுக்கும் சந்தோஷம். குடித்துப் பார்த்த ஆளே நன்றாக இருக்கிறது என்கிறான். யாருக்கு என்ன நட்டம்? சுதர்சினியின் மனமும் ஒரு கணம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. போடவில்லை என்று சொன்னால் அது பொய்.

"இன்னிக்கு அடைக்க முடியாது தம்பி" என்றாள்.

"ஏன் அக்கா?"

ரமேஸ் தலையைக் குனிந்துகொண்டான். சுதர்சினிக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. கட்டியவனை ஒரு வெளியாளுக்கு முன்னால் நிற்க வைத்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

"ஒரு ஸ்பானர காணல."

இளங்கோ சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினான்.

"பகிடி விடாதேங்கோ அக்கா."

"பகிடி இல்ல தம்பி. சாமான் கணக்கு சரியாகாம நான் எதையும் வெளிய விடுறதில்ல. அது ஒங்களுக்கும் தெரியும்."

"தெரியும் அக்கா. ஊர் முழுக்கத் தெரியும். ஆனா..." கிளாசை மேசையில் வைத்தான். குரல் கொஞ்சம் இறுகியிருந்தது. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பன். இல்லாட்டி வேற இடம் பாக்கத்தான் வேணும். என்ர வேலையும் இருக்கெல்லோ. ரமேஸ் அண்ணை, நீங்கள் ஒருக்கா சொல்லுங்கோ அக்காவுக்கு."

வாகனம் போய்விட்டது. சுதர்சினி தன் அலுமாரியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு சிவப்பு நாடாவை எடுத்தாள். ஷார்ஜாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. பறக்கக் கூடாத விமானத்தில் கட்டுகிற நாடா. அதை லொவித் தாங்கியின் குழாயில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். பத்து வருடத்தில் அந்த நாடாவை அவள் வெளியே எடுத்ததே இல்லை.

"பாலம்மாக்கா, நீங்க போயி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க."

பாலம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது கதவையும் சாத்திவிட்டுப் போனாள். சிந்துஜா போகவில்லை. அவளைப் போகச் சொல்ல இருவருக்கும் தோன்றவும் இல்லை.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

ரமேஸ் நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு கேன்."

"அன்னாசியா?"

"அன்னாசிதான். நம்ம அன்னாசிதானே சுதா? வெசத்தையா ஊத்துனேன்? குடிச்சவரு என்ன சொன்னாருன்னு நீயே கேட்ட. நல்லாத்தானே இருக்கு!"

"லேபிள்ல என்ன எழுதியிருக்கு?"

'கலப்பில்லாத லொவி' என்று எழுதச் சொன்னதே அவன்தான். அதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று அச்சகத்தில் நின்று சண்டை பிடித்ததும் அவன்தான்.

"நீ பழம் இல்லன்னு சொல்லிட்டு உள்ள வந்துருவ" என்று திடீரென்று வெடித்தான். "போன் எடுக்கிறது நானு. 'இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்'னு பல்லக் காட்டுறது நானு. அவங்க ஒருக்கா வேற எடத்துக்குப் போனா திரும்பி வருவாங்களா? மத்த வைன யாரு கேக்குறா? லொவிய வச்சித்தான் இந்தப் பெக்டரியே ஓடுது. இத மூடிட்டு நான் மறுபடி சந்தைக்குப் போயி கோவா, கெரட்டுன்னு மரக்கறி மூட்டை தூக்கவா? தூக்குறேன். நீ என்ன செய்வ? இந்த வயசுல ஒன்ன எந்த பிளேன்காரன் எடுப்பான்?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. 'இல்லை' என்று சொல்லத் தெரியாத ஒரு மனிதனை வாசலில் நிறுத்திவிட்டு, தான் உள்ளே தாங்கிகளோடு நிம்மதியாக இருந்துவிட்டோமோ என்று பட்டது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விடுவியா?"

"விட மாட்டேன்."

"பின்ன?"

அதற்கு மேல் அந்தப் பேச்சுக்குப் போக இடம் இல்லை. கூரைத் தகரம் வெயிலில் டப் டப்பென்று சத்தம் போட்டது. சுதர்சினி பலகைப் பக்கம் திரும்பினாள்.

"சரி. ஸ்பானர் எங்க?"

"சத்தியமா திருப்பி மாட்டினேன் சுதா."

"என்னங்க..."

"இவ்வளவையும் ஒத்துக்கிட்டவன் ஒரு ஸ்பானருக்குப் பொய் சொல்வேனா? இந்தக் கையால மாட்டினேன். அதுக்கப்புறம் எப்படி காணாமப் போச்சுன்னு காலையில இருந்து எனக்கே பைத்தியம் பிடிக்குது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் பார்த்த முகம். இது பொய் சொல்கிற முகம் இல்லை. அப்படியானால் அவனுக்குப் பிறகு இன்னொரு கை அந்தப் பலகையைத் தொட்டிருக்கிறது.

"அப்பா மாட்டினாங்கம்மா. நான் பாத்தேன்."

இருவரும் திரும்பினார்கள். சிந்துஜா ஏப்ரன் பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். ஸ்பானரை லேபிள் மேசையில் வைத்தாள். காலையிலிருந்து பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது.

"நேத்து நீங்க டவுனுக்குப் போன பொறகு லேபிள் எடுக்க வந்தேன். அப்பா ஏணியில நின்னு ஊத்திக்கிட்டு இருந்தாங்க. என்னைய பாக்கல. நான் கதவுக்குப் பின்னால நின்னுட்டேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது?" அவள் ஸ்பானரைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பாவ நான் போயி எப்படி காட்டிக் குடுக்கிறது? சொல்லாமயும் இருக்க முடியல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஸ்பானர் காணாட்டி நீங்க ஒன்னையும் வெளிய விட மாட்டீங்கன்னு தெரியும். காலையில ஒங்களுக்கு முந்தி வந்து எடுத்துக்கிட்டேன்."

"வில்ல போடாமயா எடுத்த?" அந்த நேரத்திலும் சுதர்சினிக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

"போட எடம் இல்லம்மா. அப்பாவோடது தொங்கிக்கிட்டு இருந்திச்சு."

அதோடு அவளுக்கு அழுகை உடைந்துவிட்டது. ரமேஸ் கவிழ்த்து வைத்திருந்த போத்தல் கூடையின் மேல் தொப்பென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மனைவி கண்டுபிடித்தபோது நின்று வாதாடியவன், மகள் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று கேட்டதும் ஒன்றும் இல்லாமல் போய்விட்டான்.

சுதர்சினி மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு ஸ்பானரை எடுத்துத் துடைத்து, பலகையில் அதன் இடத்தில் மாட்டினாள். இரண்டாம் இலக்க வில்லையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பலகை நிறைந்துவிட்டது. ஒரு வெள்ளையும் தெரியவில்லை. எந்த நாளும் இந்த இடத்தில் அவளுக்கு மூச்சு லேசாகும்.

இன்று ஆகவில்லை. இளங்கோ சொன்ன ஒரு சொல் உள்ளே நின்று குத்திக்கொண்டேயிருந்தது. 'போன முறை தந்த அதே ருசி.'

எப்படி அதே ருசியாக இருக்கும்?

போன முறை அவள் முந்திய தாங்கியை ருசி பார்த்து ஒப்புக்கொண்டு, லேபிள் கட்டு முழுவதற்கும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, மடுல்கெல்லவுக்குத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போய்விட்டாள். கடைசி நாள் கரகத்தை ஆற்றில் விட்ட பிறகுதான் வந்தாள். போத்தலில் அடைத்தது, பெட்டி கட்டியது, ஏற்றியது எல்லாம் ரமேஸ்.

ஒவ்வொரு முறை அடைக்கிறபோதும் ஒரு போத்தலைத் தட்டில் எடுத்து வைப்பது அங்கே வழக்கம். அவள் தட்டுக்குப் போய் போன முறைப் போத்தலை எடுத்தாள். தக்கையை இழுத்தாள். தக்கை பாதியில் உடைந்து மறுபடியும் இழுக்க வேண்டியிருந்தது. கிளாசில் விட்டுக் குடித்தாள்.

லொவியின் புளிப்பு வந்தது. அதற்குப் பின்னால் வழவழவென்று அன்னாசி வந்தது.

"என்னங்க" என்றாள்.

ரமேஸ் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

"அம்மா, இது எனக்குத் தெரியாது" என்றாள் சிந்துஜா மெல்ல.

சுதர்சினி போத்தலைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். சின்ன விமானம். அதன் கீழே வட்டத்துக்குள் சிவப்பு மையில் 'ஒன்று'. இதே இலக்கத்தோடு எத்தனை போத்தல் வெளியே போயிருக்கும்? கண்டியில் எத்தனை மேசையில், எந்த வெளிநாட்டுக்காரரின் பெட்டிக்குள்? ஷார்ஜாவில் பதினொரு வருடம், தான் சரி பார்க்காத ஒரு விமானத்தையும் அவள் விட்டதில்லை. அந்தப் பெருமையில்தான் இத்தனை நாளும் தலை நிமிர்ந்து நடந்தாள். இங்கே அவள் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, அவளுடைய இலக்கத்தைக் குத்திக்கொண்டு எல்லாம் கிளம்பிப் போய்விட்டிருக்கின்றன.

மேசையில் ரமேஸின் போன் அடித்தது. இளங்கோ.

"எடுக்காத சுதா" என்று பதறி எழும்பினான் ரமேஸ். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு. யோசிச்சுப் பேசுவோம். நான் பேசுறேன். குடு."

சிந்துஜா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது. சுதர்சினி கையிலிருந்த இரண்டாம் இலக்க வில்லையைக் கணவனின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்து 'ஹலோ' என்றாள்.

"அக்காவோ? ஸ்பானர் கிடைச்சிட்டுதோ?"

"கெடைச்சிருச்சு தம்பி."

"அப்ப சந்தோசம்! நான் மனேஜருக்குச் சொல்லட்டே?"

"சொல்லுங்க. ஆனா சனிக்கிழமைக்கு எங்க வைன எதிர்பாக்க வேணாம்னு சொல்லுங்க." ரமேஸ் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவனைப் பார்த்தபடியே பேசினாள். "இன்னொரு விசயம் தம்பி. போன தடவ நாங்க தந்த போத்தல்ல இன்னும் எத்தன ஒங்ககிட்ட தெறக்காம இருக்கு?"